ஆம்பூர் தோலும் ஊர்கூடிப் போடும் காசும்: கிரவுட்ஃபண்டிங்கில் சொந்த பிராண்டு தொடங்க முடியுமா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு ஆம்பூரைக் கடந்தால், பிரியாணிக் கடை போர்டுகளுக்கு முன்னால் கண்ணில் படுவது கம்பெனி பஸ்கள்தான். ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் அதில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் தோல் பதனிடுகிறார்கள், வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள், ஷூவாக்கிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அந்தப் பெட்டியின் மேல் இருக்கும் பெயர் மட்டும் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஒரு பிராண்டுடையது.

வெளிநாட்டு ஆர்டர் வரும்வரை இதில் யாருக்கும் குறை தெரியாது. 2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதம், பிறகு ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் என்று மொத்தம் 50 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது, தோல் பொருள்களும் அதில் மாட்டின. எங்கோ ஒரு நாட்டில் எடுக்கும் முடிவு, இங்கே ஒரு ஸ்டிச்சிங் லைனில் எத்தனை மெஷின் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்போதுதான் பல இளைஞர்களுக்கு அந்தப் பழைய கேள்வி திரும்ப வருகிறது: ‘கை வேலை நம்மது, பேரு மட்டும் ஏன் அடுத்தவனுது? சொந்தமா ஒரு பிராண்டு தொடங்கினா என்ன?’ அடுத்த நிமிடமே அடுத்த கேள்வியும் வரும்: ‘காசு?’ பேங்க் அடமானம் கேட்கும். அடமானத்துக்கு வீடு இருந்தால் அதை வைக்க அப்பா சம்மதிக்க மாட்டார். இந்த இடத்தில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை கிரவுட்ஃபண்டிங். அது எப்படி வேலை செய்கிறது, இந்தியச் சட்டம் எதை அனுமதிக்கிறது, கணக்கு எங்கே இடிக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிரவுட்ஃபண்டிங் என்றால் என்ன?

ஒரே ஆளிடம் பெரிய தொகை வாங்காமல், நிறைய பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஒரு திட்டத்தை நடத்துவது. அவ்வளவுதான். இணையம் வந்த பிறகு, பணம் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவில் ஒரு தளம் வந்து உட்கார்ந்தது. திட்டம் என்ன, எவ்வளவு வேண்டும், எத்தனை நாளில் வேண்டும், கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தத் தளத்தில் ஒரு பக்கமாகப் போடுவார்கள். விருப்பம் உள்ளவர்கள் பணம் கட்டுவார்கள். தளம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்.

கொடுப்பவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்பதை வைத்து இதை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நன்கொடை. கொடுத்தவருக்கு எதுவும் திரும்ப வராது. இந்தியாவில் கிரவுட்ஃபண்டிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் மருத்துவச் செலவுக்காக வரும் கோரிக்கைகள் இந்த ரகம்.

இரண்டாவது வகை, பரிசு அல்லது பொருள். பணம் கட்டியவருக்கு, தயாரான பிறகு அந்தப் பொருளே வரும். பர்ஸுக்குப் பணம் கட்டினால் பர்ஸ், இசை ஆல்பத்துக்குக் கட்டினால் ஆல்பம். 2009ல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இந்த வகையில் உலக அளவில் பிரபலமானது. இதுவரை அதில் 800 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, கடன். பலர் சேர்ந்து ஒருவருக்குக் கடன் கொடுப்பார்கள், வட்டியோடு திரும்ப வரும்.

நான்காவது, பங்கு. பணம் போட்டவருக்கு கம்பெனியில் ஷேர்.

பேச்சு வழக்கில் இந்த நாலையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாலுக்கும் சட்டம் வேற, வரி வேற, ஆபத்தும் வேற. சிக்கல் ஆரம்பிப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

இது நமக்குப் புதுசா?

பெயர்தான் புதுசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். பந்தி போட்டு, கறிச்சோறு போட்டு, ஒரே நாளில் லட்சக்கணக்கில் மொய் வாங்கி, அதை முதலாக வைத்துத் தொழில் தொடங்குபவர்கள் உண்டு. நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும். அடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. தளம், ஆப், கமிஷன் எதுவும் இல்லாத கிரவுட்ஃபண்டிங் அது. அதைத் தாங்கி நிற்பது அந்த நோட்டும் ஊர்ப் பேச்சும்.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கமும் மக்கள் காசுதான். 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்பது திட்டம். அதில் கிடைத்த பணத்தை வைத்து ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரில் இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. தொடங்குவதற்கு மக்கள் பணம் போதுமானதாக இருந்தது; போட்டியில் தாக்குப்பிடிக்க அது போதவில்லை. இன்றைக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

வேலூருக்கே ஒரு கதை இருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரு மருத்துவமனை கட்ட அமெரிக்காவில் நிதி திரட்டினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902ல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய சிஎம்சியின் வேர் அது. அங்கே ஒரு பெரிய கை கொடுத்தது. சமீபத்திய உதாரணம் ஹார்வர்டு தமிழ் இருக்கை. 60 லட்சம் டாலர் இலக்கு. அமெரிக்கவாழ் மருத்துவர்கள் இரண்டு பேர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினார்கள். உலகமெங்கும் இருந்து தமிழர்கள் சின்னச் சின்னத் தொகைகளாகச் சேர்த்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018ல் இலக்கு எட்டப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘கூட்டம்’ தானாக வருவதில்லை. முதலில் யாரோ ஒருவர் கணிசமாகப் போட்டுத் தொடங்கி வைக்கிறார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருகிறார்கள்.

சினிமா காட்டிய வழி

படைப்பாளிகள் விஷயத்தில் இந்தியாவின் பழைய உதாரணம் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’. 1976ல் வெளிவந்த அந்த இந்திப் படத்துக்கு, குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். மொத்தம் 10 லட்சம் ரூபாய். படம் வந்தபோது அதே விவசாயிகள் லாரி பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். தயாரிப்பாளரும் அவர்களே, ரசிகர்களும் அவர்களே.

இணைய காலத்து உதாரணம் ஆம்பூரிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறது. பெங்களூருவில் இயக்குநர் பவன் குமார் தன் ‘லூசியா’ கதைக்குத் தயாரிப்பாளர் கிடைக்காமல், தன் பிளாக்கில் நிலைமையை எழுதினார். 27 நாளில் 110 பேரிடமிருந்து 50 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது. 2013ல் படம் வெளியாகி, லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. சித்தார்த் நடித்து 2015ல் வந்த ‘எனக்குள் ஒருவன்’ இதன் தமிழ் ரீமேக்தான்.

பவன் குமாருக்குக் காசு போட்டவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. அதற்கு முன் அவர் இயக்கிய ‘லைஃபு இஷ்டேனே’ படத்தைப் பார்த்தவர்களும், அவர் எழுத்தைத் தொடர்ந்து படித்தவர்களும் அதில் இருந்தார்கள். பணம் கேட்பதற்கு முன்பே ஆள் சேர்ந்திருந்தார்கள்.

தோல் பொருளுக்கு இது எப்படிப் பொருந்தும்?

நாலு வகையில், ஆம்பூர் இளைஞருக்கு நேரடியாகப் பொருந்துவது இரண்டாவது வகை: பொருளுக்கு முன்பணம்.

காரணம் எளிது. தோல் தொழிலில் முதல் எப்போதும் சரக்கில் முடங்குகிறது. தோலைச் சதுர அடிக் கணக்கில் லாட்டாக வாங்க வேண்டும். நாலு பர்ஸுக்கு மட்டும் என்று டேனரியில் கேட்டால் விலை ஒத்துவராது. கட்டிங் டை செய்ய வேண்டும். ஜிப், பக்கிள், லைனிங், பெட்டி எல்லாமே குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும். இவ்வளவும் போட்டுச் செய்த பிறகு, எந்தக் கலர் விற்கும், எது ரேக்கிலேயே கிடக்கும் என்று தெரியாது.

முன்பணம் வாங்கிச் செய்தால் இந்த வரிசை தலைகீழாக மாறுகிறது. முதலில் வாடிக்கையாளர், அப்புறம் சரக்கு. 300 பேர் பணம் கட்டினால் 300 பர்ஸுக்குத் தோல் வாங்கலாம். 220 பேர் டார்க் பிரவுன் கேட்டிருந்தால், அது எந்த மார்க்கெட் சர்வேயையும் விட உறுதியான தகவல். கிக்ஸ்டார்ட்டரில் பர்ஸ், பை, கைக்கடிகார பட்டை போன்ற சின்னத் தோல் பொருள்கள் நிறைய வருவதற்கு இதுதான் காரணம். ஷூ இதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு சைஸுக்கும் லாஸ்ட் வேண்டும், சைஸ் சரியில்லை என்று திரும்பி வருவதும் அதிகம். முதல் முயற்சிக்குச் சைஸ் இல்லாத பொருள்தான் பாதுகாப்பு.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

உதாரணத்துக்கு, பேரணாம்பட்டைச் சேர்ந்த ஒரு இளைஞர் 1,500 ரூபாய்க்கு ஒரு தோல் பர்ஸ் திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் செலவுகள் புரிந்துகொள்வதற்கான அனுமானம்தான். வரி வீதத்தையும் அவரவர் பொருளுக்கு ஏற்ப ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

* விலை 1,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி இதற்குள்ளேயே என்றால் வரி 229 ரூபாய். மீதி 1,271.
* தளத்தின் கமிஷனும் பணம் வாங்கும் கேட்வே கட்டணமும் சேர்த்து 8 சதவீதம் என்றால் 120 ரூபாய். மீதி 1,151.
* பெட்டி, கூரியர் 130 ரூபாய். மீதி 1,021.
* தோல், நூல், லைனிங், தையல் கூலி 600 ரூபாய். மீதி 421.

ஒரு பர்ஸுக்கு 421 ரூபாய் நிற்கிறது. நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். ஆனால் பர்ஸ் ஒன்றுகூட விற்பதற்கு முன்பே சாம்பிளுக்கும் டைக்கும் 40,000, போட்டோ, வீடியோவுக்கு 30,000 என்று 70,000 ரூபாய் போயிருக்கும்.

300 பர்ஸ் போனால், 421 பெருக்கல் 300 என்பது 1,26,300. அதில் 70,000 கழித்தால் கையில் 56,300. வந்த மொத்தப் பணம் நாலரை லட்சம். நின்றது ஐம்பத்தாறாயிரம் சொச்சம். ஆறு மாதம் உழைத்த அவருடைய சம்பளம் இன்னும் இந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

100 பர்ஸ் மட்டும் போனால்? 42,100 ரூபாய்தான் நிற்கும். 27,900 ரூபாய் நஷ்டம். அந்த 100 பேருக்கும் பொருளைக் கொடுத்தே ஆகவேண்டும்.

முதலும் செலவும் சரியாக நேர் வருவதற்கு 167 பர்ஸ் போகவேண்டும். அதாவது சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். இலக்குத் தொகையை அதற்குக் கீழே வைக்கக் கூடாது. ‘சின்ன இலக்கா வச்சா சீக்கிரம் நிறையும்’ என்று ஒரு லட்சம் வைத்து, அது நிறைந்துவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து.

கிக்ஸ்டார்ட்டர் ‘முழுசா இல்லைன்னா எதுவுமே இல்லை’ என்ற விதியை வைத்திருப்பது இதனால்தான். குறித்த நாளுக்குள் இலக்கு எட்டவில்லை என்றால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும், அது படைப்பாளியைப் பாதிக் காசில் முழு வேலை செய்யும் பொறியிலிருந்து காப்பாற்றுகிறது. அந்தத் தளத்தில் இலக்கை எட்டும் திட்டங்கள் பத்துக்குச் சுமார் நாலுதான்.

எந்தத் தளத்தில் போடலாம்?

இங்கேதான் முதல் தடை. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கும் தகுதியுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியாவிலிருந்து மற்றவர் திட்டத்துக்குப் பணம் கட்டலாம். இந்தியாவில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது. அனுமதிக்கப்பட்ட நாட்டில் வசிப்பவர், அங்கே வங்கிக் கணக்கு உள்ளவர்தான் தொடங்கலாம்.

சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் பெயரில் தொடங்கலாமே என்று பலர் யோசிப்பார்கள். அவர் உண்மையிலேயே தொழிலில் பங்குதாரர் என்றால் வழி உண்டு. வெறும் பெயருக்கு மட்டும் என்றால், பொருள் போய்ச் சேராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும், அந்த நாட்டு வரியைக் கட்ட வேண்டியவரும் அந்த மச்சான்தான் என்பதை இரண்டு பேரும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஆம்பூரிலிருந்து பொருள் போகும்போது அது ஏற்றுமதி. அதற்கான ஐஇசி குறியீட்டெண் வேண்டும். சின்ன அளவில் அனுப்புபவர்களுக்கு அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா மையங்கள் உதவும்.

இந்தியத் தளங்களில் பெரும்பாலானவை மருத்துவம், கல்வி, தொண்டு என்ற பக்கமே சாய்ந்திருக்கின்றன. அதனால் பலர் தளமே இல்லாமல், சொந்த இணையதளம், இன்ஸ்டாகிராம், யுபிஐ வைத்து ‘ப்ரீ-ஆர்டர்’ என்று எடுக்கிறார்கள். கமிஷன் மிச்சம். ஆனால் இலக்கு எட்டாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் வேலையைச் செய்ய நடுவில் யாரும் இல்லை. அந்த ஒழுங்கை விற்பவரே வைத்துக்கொள்ள வேண்டும்: ப்ரீ-ஆர்டர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, 167 ஆகும்வரை அதைத் தொடுவதில்லை என்ற விதி, குறித்த தேதியில் எண்ணிக்கை வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் அறிவிப்பு.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

*ஷேர் தருவதாகச் சொல்லலாமா?* வாட்ஸ்அப் குரூப்பிலோ இணையத்திலோ ‘பத்தாயிரம் போடுங்க, கம்பெனியில் பங்கு தர்றேன்’ என்று பொதுமக்களிடம் கேட்க முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013ன் 42வது பிரிவின்படி, தனியார் கம்பெனி தெரிந்தெடுத்த நபர்களுக்குத்தான் பங்கு வழங்கலாம். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக்கூடாது. பொது விளம்பரமும் கூடாது. பங்கு வகை கிரவுட்ஃபண்டிங் பற்றி செபி 2014 ஜூனில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அது விதிமுறையாக மாறவில்லை. அங்கீகாரம் இல்லாத இணையத் தளங்கள் வழியாகப் பணம் போட வேண்டாம் என்று 2016ல் எச்சரிக்கையும் விட்டது.

*வட்டி தருவதாகச் சொல்லலாமா?* பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவது இன்னும் பெரிய தப்பு. 2019ன் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். முறையாகக் கடன் வாங்க, ரிசர்வ் வங்கி 2017ல் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த பி2பி தளங்கள் உண்டு. அங்கே ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் வரை வாங்கலாம். ஒரே நபர் ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. அதிகபட்ச காலம் 36 மாதம்.

*நன்கொடையாக வாங்கினால்?* வருமான வரிச் சட்டப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பணம் வந்தால், முழுத் தொகையும் வரிக்கு உட்பட்ட வருமானம். வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து நன்கொடை வாங்குவதில் எஃப்சிஆர்ஏ சட்டமும் குறுக்கிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துள்ள வெளிநாடுவாழ் இந்தியர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பது வேறு கணக்கு.

*பொருளுக்கு முன்பணம் வாங்கினால்?* அது விற்பனை. ரசீது வேண்டும். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினாலே பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். வேலை கூடுதல்தான். ஆனால் நாலு வகையில் சட்டப்படி நேரான பாதையும் இதுதான்.

நம்பிக்கை ஏன் இங்கே இவ்வளவு விலை?

வேலூர் பகுதி மக்களிடம் ‘எல்லாரும் கொஞ்சம் போடுங்க’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை. மாதாமாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில், நகையை அடகு வைத்துக்கூடப் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. பொருளாதாரக் குற்றப்பிரிவில் வரிசையில் நின்று புகார் கொடுத்தவர்கள் மறுபடி யாரையும் நம்பத் தயங்குவார்கள்.

நேர்மையாகத் தொடங்கியவர்களும் தடுமாறுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக், முக்கால்வாசிக்கு மேல் சொன்ன தேதியில் பொருளைக் கொடுக்கவில்லை என்று 2014ல் கண்டறிந்தார். வெற்றி பெற்ற திட்டங்களில் 9 சதவீதம், சொன்ன பொருளைக் கொடுக்கவே இல்லை என்று 2015ல் வந்த அவருடைய இன்னொரு ஆய்வு சொன்னது.

இதில் பெரிய எச்சரிக்கை ‘கூலஸ்ட் கூலர்’. ஐஸ்பெட்டியில் மிக்ஸியும் ஸ்பீக்கரும் வைத்த ஒரு ஐடியா. முதல் முறை போட்டபோது இலக்கை எட்டவில்லை. 2014 கோடையில் மறுபடி போட்டதும், 50,000 டாலர் கேட்ட இடத்தில் 62,000க்கு மேற்பட்டவர்கள் 1.3 கோடி டாலர் கொட்டினார்கள். தயாரிப்புச் செலவு வாங்கிய விலையைத் தாண்டியது. 2019 டிசம்பரில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 20,000 பேருக்குப் பொருள் போகவே இல்லை. மூடியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி. ஆர்டர் குவிந்தால் பிழைத்தோம் என்பது இல்லை. ஒவ்வொரு பொருளிலும் பத்து ரூபாய் நஷ்டம் என்றால், கூட்டம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும்.

‘இந்தத் தோல் எங்கே பதனிட்டது?’

ஆம்பூர் பெயரைச் சொல்லி இணையத்தில் பணம் கேட்பவர் தயாராக இருக்க வேண்டிய இன்னொரு கேள்வி இது. பாலாற்றுத் தண்ணீரும் நிலமும் டேனரிக் கழிவால் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னது. இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் வேலூர் பெயரை அந்த வழக்கில்தான் முதலில் படிக்கிறார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரி 30, 31 வாக்கில் இதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

கடையில் பர்ஸ் வாங்குபவர் இதைக் கேட்க மாட்டார். ஆனால் இன்னும் செய்யாத பொருளுக்குப் பணம் கட்டுபவர், செய்பவரைப் பற்றித் துருவித் துருவிப் படிப்பார். எந்த டேனரி, கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, குரோம் பதனா, ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பதனா, தைப்பவருக்கு என்ன கூலி என்பதை நேராகச் சொல்பவருக்கு அதுவே பலம். மறைப்பவர் முதல் கமென்ட்டிலேயே மாட்டிக்கொள்வார். பெரிய பிராண்டுகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும்வரை இந்தக் கேள்விகளுக்கு பிராண்டு பதில் சொல்லும். சொந்தப் பெயர் என்று வந்துவிட்டால், பதிலும் சொந்தமாகத்தான் சொல்ல வேண்டும்.

கிரவுட்ஃபண்டிங் மட்டும் போதுமா?

போதாது. மெஷின் வாங்க, ஷெட் போட இது சரியான வழி இல்லை. அதற்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் திட்டங்களைப் பார்க்கலாம். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரையிலான உற்பத்தித் தொழில்களுக்கு 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகத் தோலில் கை வைத்து வேலை செய்து, முதலாளி நாற்காலிக்கு வராத குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம் என்பதால் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். பொருளின் தரம், சோதனை, பயிற்சிக்கு 1948 முதல் சென்னை அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இங்கே கிரவுட்ஃபண்டிங்குக்கு ஒரு மறைமுகப் பலன் உண்டு. 167 பேர் முன்பணம் கட்டிய பட்டியல் கையில் இருந்தால், பேங்க் மேனேஜர் முன்னால் ‘விற்கும் சார்’ என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலை நீட்டினால் போதும்.

பணம் கட்டுபவர் எதைப் பார்க்க வேண்டும்?

* உண்மையான சாம்பிள் வீடியோவில் தெரிகிறதா, கணினியில் வரைந்த படம் மட்டுமா?
* செய்பவர் பெயர், ஊர், ஜிஎஸ்டி எண் இருக்கிறதா?
* இலக்கு எட்டாவிட்டால் பணம் திரும்புமா? எத்தனை நாளில்?
* தாமதமானால் என்ன செய்வார்கள் என்று எழுதியிருக்கிறார்களா?
* ‘மாசம் இவ்வளவு வருமானம்’ என்ற பேச்சு வருகிறதா? வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது கிரவுட்ஃபண்டிங் இல்லை.
* போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகையா?

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் உதவி எண் 1915.

மொய் நோட்டில் பெயர் எழுதும்போது எழுதுபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே நினைப்புதான் இருக்கும்: இது திரும்ப வரவேண்டிய பணம். இணையத்தில் வரும் முன்பணமும் அப்படித்தான். அது லாபமும் இல்லை, பரிசும் இல்லை. பொருள் போய்ச் சேரும்வரை அது கடன். அந்த 167 பேருக்கும் சொன்ன தேதியில், சொன்ன தரத்தில் பர்ஸ் போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை அவர்களே இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார்கள். பெட்டியின் மேல் ஆம்பூர்ப் பெயர் நிலைப்பது அப்படித்தான்.